சொட்டு ஊறும் நேரம்

இமையைப் பிதுக்கிப் பிடித்துச் சொட்டை விட்டபோது அவன் தலை வெடுக்கென்று பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. மருந்து கண்ணில் விழவில்லை. கன்னத்தெலும்பில் பட்டு வழிந்து காதுக்குள் போனது. "ஏம்மா, கண்ணுக்குக் குடுத்த மருந்தக் காதுக்கு ஊத்துதியே" என்றாள் நர்ஸ், அடுத்த ஆளின் இமையை இரண்டு விரலால் பிளந்தபடி. "தலையப் பிடிச்சு நல்லா அமுக்கு. உன் வீட்டுக்காரருதான? என்னமோ கொதிக்கிற சட்டியத் தொடுத மாதிரி தொடுத." பெஞ்சில் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்கள். முத்துச்செல்வி ஐயம்பெருமாளின் நெற்றியில் இடது கையை வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் தலையை அவள் இப்படிப் பிடித்ததில்லை. அவள் தலையை அவன் பிடித்திருக்கிறான். பின்மண்டையில் விரல்களை நுழைத்து, முடியை ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றை இழுத்துப் பார்ப்பவனைப் போல. அமுக்கினாள். இமையைக் கீழே இழுத்தாள். சிவந்த தசைக்கு மேலே கருவிழி அவளைப் பார்க்காமல் மேல்பக்கமாக ஓடி ஒளிந்துகொண்டது. சொட்டு விழுந்தது. அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மற்றக் கண்ணுக்கும் விட்டாள். "பத்து நிமிஷத்துக்கு ஒருக்க ஊத்தணும். கண்ணு பாப்பா நல்லா விரிஞ்சாத்தான் டாக்டரு உள்ள பாக்க முடியும். அதுவரைக்கும் தெறக்கக் கூடாது, அண்ணாச்சி, கேட்டுச்சா?" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.

அவன் தலையாட்டினான். வெளியாட்களிடம் அவன் எப்போதும் அப்படித்தான், ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு தலையாட்டல். மரக்கடையில் அவனுக்கு அதிர்ந்து பேசாத மனுஷன் என்று பேர். செல்வி கையை நெற்றியிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் அவன் வியர்வை ஒட்டியிருந்தது. அந்தத் தோலுக்குக் கீழே எலும்பு, எலும்புக்குக் கீழே அவை இருக்கின்றன. இப்போதும், இந்த நிமிஷமும், சொட்டு ஊறிக்கொண்டிருக்கும்போதும். தலையை ஸ்கேன் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டியிருந்தார். அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பாதியாக வெட்டிய கொய்யாப்பழம் மாதிரி இருந்தது. "இந்த வட்டம் வட்டமா இருக்கு பாருங்க, வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி. அதுதான் பூச்சியோட தலை. தலை தெரிஞ்சா உயிரோட இருக்குன்னு அர்த்தம்." நாடாப்புழு என்றார். குடலில் இருக்க வேண்டியது, அதன் முட்டை வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் ஏறி, மூளையில் இறங்கிக் கூடு கட்டிக்கொண்டது என்றார். அதைக் கொல்ல மாத்திரை இருக்கிறது. ஆனால் கண்ணுக்குள்ளும் ஒன்று இருந்துவிட்டால், அது சாகும்போது வீங்கிப் பார்வையைக் கொண்டுபோய்விடும். அதனால் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும், பிறகுதான் மாத்திரை. மூளையில் இருப்பது செத்தாலும் வீங்கத்தான் செய்யும், முதல் வாரம் வலிப்புக் கூடினாலும் கூடும், வீக்கத்துக்குத் தனி ஊசி போடுவோம், அந்த ஊசியில் பசி எடுக்கும், எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்றபோது அவளைத்தான் பார்த்தார். டாக்டர் நல்லவர், அவருக்கு என்ன தெரியும். அப்போதுதான் மாமியார் கேட்டாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையைப் பாதியில் நிறுத்தி: "அப்பம் இந்தப் பூச்சியாலதான் எம் புள்ளைக்கு அப்படிக் கோவம் வருதா சார்?" டாக்டர் அடுத்த கட்டிலின் பக்கம் காலை எடுத்து வைத்தாகிவிட்டது. "மூளைல இருக்கறதால என்ன வேணா வரலாம்மா. குணம் மாறலாம்." வரலாம், மாறலாம். அவர் விட்டுவிட்டுப் போன அந்த இரண்டு லாம்களை மாமியார் அன்று சாயங்காலத்துக்குள் தேய்த்து இல்லாமல் ஆக்கிவிட்டாள். போனில் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுச் சொன்னாள். டாக்டரே சொல்லிட்டாரு, எல்லாம் பூச்சி பண்ண வேலை, எம் புள்ள பச்சப்புள்ள. அதோடு நிற்கவில்லை. பன்றியால் வரும் என்று எவளோ சொல்லக் கேட்டு, செல்வியின் அப்பா மூலத்துக்கு நல்லது என்று எப்போதோ வெண்பன்றிக் கறி வாங்கித் தின்ற கதையைத் தோண்டி எடுத்தாள். "ஒங்க வீட்டுலருந்து வந்ததுதாம்ட்டி இது." கறி தின்பதால் மூளைக்கு வராது, அந்தப் புழு வயிற்றில் உள்ள யாரோ கை கழுவாமல் தொட்டதைத் தின்றாலே வரும், கறியே தொடாதவர்களுக்கும் வருகிறது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் மலம் சோதித்தார்கள். செல்வியிடம் ஒன்றும் இல்லை என்று வந்தது. "இருந்திருக்கும், வெளிய போயிருக்கும்" என்றாள் மாமியார். தன் டப்பாவை மட்டும் அவள் கடைசிவரை கொடுக்கவில்லை, இந்த வயசில் இந்த அசிங்கம் வேறயா என்று. ஆக, பூச்சி வந்தது செல்வியின் வீட்டிலிருந்து. அடித்தது பூச்சி. அப்படியானால் இத்தனை வருஷமும் செல்வி தன்னைத்தானே அடித்துக்கொண்டிருக்கிறாள். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. வார்டுத் தரையில் பாயை விரித்துப் படுத்தபோது அவளுக்கே ஒரு கணம் சரி என்று பட்டது.

சரி என்று பட்டதுதான் பயம். அடிபட்ட இடம் எல்லாம் அவளுக்குத் தெரியும், அது அவளுடைய உடம்பு. விலா எலும்பில் கூடி ஒட்டிய ஒரு முடிச்சு, இடது காதில் அவ்வப்போது கேட்கும் ஒரு கொசுச் சத்தம், தொடையில் இடுப்புப் பெல்ட்டின் கொக்கி பதிந்த அடையாளம். இவற்றையெல்லாம் இதுவரை அவன் என்று வைத்திருந்தாள். பெயர் இருந்தது, முகம் இருந்தது, வெறுக்க ஓர் ஆள் இருந்தான். இப்போது ஆளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டார்கள். புள்ளியை எப்படி வெறுப்பது. அவள் முயற்சி செய்து பார்த்தாள். அவன் தூங்கும்போது நெற்றியைப் பார்த்துக்கொண்டே, நீதானா, நீதானா என்று கேட்டுப் பார்த்தாள். மரக்கடையில் வாள் பலகையை அறுக்கும்போது சில சமயம் உள்ளே ஆணி மாட்டும் என்று அவன் சொல்லியிருக்கிறான். கிரீச் என்று ஒரு சத்தம், தீப்பொறி, பல் உடைந்து தெறிக்கும். அந்த மாதிரி ஒரு வாள் இந்த நெற்றியில் இறங்கினால் எந்த இடத்தில் மாட்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். கழுவும்போதுதான் அது தோன்றியது, அன்றிலிருந்து விடாமல் சுற்றுகிறது, தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவன் முதல் தடவை விழுந்த நாள். சாம்பாரில் உப்பு இல்லை என்றோ, அவள் தையல் கம்பெனியிலிருந்து தாமதமாக வந்தாள் என்றோ, எதுவோ ஒன்று. அவள் அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த அந்த மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். முதல் அடிக்காகத் தோள் தானாகச் சுருங்கியது. அடி வரவில்லை. அடி வராமல் இருப்பது அடியைவிட மோசம், எந்தப் பக்கமிருந்து வரும் என்று உடம்பு முழுக்கக் கண்ணாகிவிடும். மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். வரவில்லை. விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். அவன் கை மேலே ஓங்கியபடியே நின்றது. நின்று, நடுங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக இழுத்தன. பிறகு வாய் இழுத்தது, கழுத்து திரும்பியது, அந்தரத்தில் யாரையோ அடிப்பது போலக் கை மட்டும் மேலும் கீழும் வெட்டியது. பிறகு வெட்டிப் போட்ட மரம் மாதிரி விழுந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து சாவிக்கொத்தை அவன் முஷ்டிக்குள் திணித்தார்கள். நுரை தள்ளியது. அவள் மூலையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஓங்கிய கையை அதற்கு முன் யாரும் பிடித்ததில்லை. மாமியார் பிடித்ததில்லை, எதிர்வீட்டில் சன்னலைச் சாத்திக்கொள்பவர்கள் பிடித்ததில்லை, அண்ணன் ஒரு தடவை பஞ்சாயத்துக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனான். முதல்முதலாக அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பூச்சிதான். அதைத்தான் இப்போது கொல்லப் போகிறார்கள். மாத்திரையை அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு, அப்போதுதான் நன்றாக உடம்பில் சேருமாம். ஒவ்வொன்றாகச் சாகும். கடைசிப் புள்ளியும் செத்துச் சுருங்கிச் சுண்ணாம்பாகிவிடும் என்றார் டாக்டர், ஒரு குண்டூசித் தலை அளவுக்கு. அப்புறம் கை மறுபடியும் தடையில்லாமல் இறங்கும்.

இல்லை, அப்புறம் அவன் நல்லவனாகிவிடுவான், அப்படித்தானே சொல்கிறார்கள். அண்ணன் நயினார்கூட அதைத்தான் சொன்னான். ஐயம்பெருமாள் விழுந்ததற்கு இரண்டு நாள் கழித்து நயினார் வருவதாக இருந்தது, வேனோடு, அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு போக. கடைசியில் மகளை மட்டும் கூட்டிப் போனான், ஆஸ்பத்திரி முடியும்வரைக்கும் என்று. நேற்று போனில் அவன் குரல் லேசாகிவிட்டிருந்தது, பெரிய சுமையை இறக்கி வைத்தவன் குரல். "நோய்னு தெரிஞ்சுபோச்சுல்லா பிள்ள. இனி என்ன. நோயாளிய விட்டுட்டு வந்தேன்னா ஒன்னையத்தான் காறித் துப்புவாங்க. மருந்து சாப்பிட்டா சரியாயிருவாரு. நீ ஒண்ணும் வெசனப்படாத."  அவள் சொல்ல இருந்தது வாயில் வந்து வந்து நின்றது. அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவான் அண்ணே. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அடிக்கிறதுக்கு முன்னால் கழற்றுவான். மெதுவாக, வாரின் ஊசியை ஓட்டையிலிருந்து எடுத்து, கண்ணாடி கீழே படாமல் டிவி மேலே வைப்பான். அவன் அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரம், கீறல் விழக் கூடாது. பிறகு டிவிச் சத்தத்தைக் கூட்டுவான். பிறகு கதவு. வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டுவான். முகத்தில் அடிக்க மாட்டான். ரவிக்கைக் கைக்குக் கீழே அடிக்க மாட்டான். மரக்கடையில் மேஸ்திரி ஒருத்தன் எல்லோர் முன்னாலும் அவனை அம்மாவைச் சொல்லித் திட்டியபோது தலையைக் குனிந்துகொண்டு சிரித்தானாம். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் மேல் இறக்கினான். குண்டூசித் தலை அளவு புள்ளிக்கு இவ்வளவும் தெரியுமா. எது கடை, எது வீடு, எந்த இடம் சேலைக்குள் மறையும் என்று. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடியும் ஒரு லாம் கிடைக்கும். மகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கடைசியாக நடந்தபோது, அவன் கை கடிகாரத்துக்குப் போனதுமே, தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, யாரும் சொல்லாமல், தலையைத் தூக்காமல், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டியது.  செல்விக்கு அடி எல்லாம் ஆறிப்போகிறது. அந்தச் சின்ன விரல் அந்தப் பொத்தானை அமுக்கியது ஆறவில்லை. பிள்ளைக்குள்ளும் ஒரு முட்டை போய் இறங்கிவிட்டது. அதற்கு யார் படம் எடுத்துப் பார்ப்பார்கள்.

நேரமாகிவிட்டது. புட்டியை எடுத்து மூடியைத் திருகினாள். சத்தம் கேட்டதும் அவன் கழுத்து விறைத்தது. அதை அவள் பார்த்தாள். எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று மூடிய இமைகளுக்குள் விழிகள் உருண்டன. தோள் லேசாகக் காதை நோக்கி ஏறியது. அது அவளுடைய தோள். அவளுக்கு மிகவும் பழக்கமான தோள், அவன் உடம்பில். ஒரு கணம் சொட்டை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். புட்டியின் முனை கூர்மையாக இருந்தது. கண் அவ்வளவு மெல்லியது, திராட்சை போல. அவள் கை நடுங்கவில்லை, அதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது. இவ்வளவு நிலையாக ஒரு கை தனக்கு இருக்கிறதா. நெற்றியை அமுக்கி, இமையை இழுத்து, சொட்டை விட்டாள். மற்றதற்கும் விட்டாள். மூடியைத் திருகி மடியில் வைத்தாள். எதிர்ப் பெஞ்சில் ஒரு கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டிய கிழவர் மற்றக் கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டுத் தள்ளி நர்ஸ் ஒருவரிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு நடந்து நடந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. ஐயம்பெருமாள் முகத்தைத் திருப்பாமல், உதட்டை அதிகம் அசைக்காமல் கேட்டான்: "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

செல்வி சுற்றிப் பார்த்தாள். பெஞ்சு நிறைய ஆட்கள். கண்ணை மூடியவர்கள், மூடாதவர்கள். ஆரஞ்சு மணம் கூடம் முழுக்க வீசியது. உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தாள்.

"இல்ல" என்றாள். "யாரும் இல்ல. எல்லாரும் உள்ள போயிட்டாங்க."

அவன் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். யாரும் இருமவில்லை, யாரும் பேசவில்லை. பிறகு அவன் இடது கை பெஞ்சில் ஊர்ந்து வந்தது, ஊசிக் குழாய் ஒட்டியிருந்த கை. அவள் மணிக்கட்டைத் தொட்டது, அங்கே நிற்காமல் மேலே ஏறியது, முழங்கையைத் தாண்டியது, ரவிக்கைத் துணியின் விளிம்பைத் தடவிப் பார்த்து, அதற்கு உள்ளே நுழைந்தது. அக்குளுக்குக் கீழே, தோள் சதை மிகவும் மெத்தென்று இருக்கும் இடத்தை நகத்தால் கொத்தாகப் பிடித்தான். பிடித்து, அவசரமில்லாமல், சாவியைத் திருகுவது போல் ஒரு முழுத் திருகு திருகினான். "நர்ஸு முன்னால எம் மண்டையப் பிடிச்சு அமுக்குதியோ" என்றான், தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட அன்பான குரலில். "சிரிக்க வைக்கியோ நாலு பேர. வீட்டுக்கு வா. பாத்துக்கிடுதேன்." அவள் கண்ணில் நீர் கோத்தது.  எதிரே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றுவிட்டது. கிழவர் தன் ஒற்றைக் கண்ணை மெல்ல வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வலி தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது, பழைய வழிதான், வழி அதற்குத் தெரியும். ஆனால் அதனோடுகூட வேறொன்றும் வந்தது, பாரமில்லாமல், வெறுமையாக, பல நாள் காய்ச்சல் விட்ட காலையில் பாயில் கிடப்பது மாதிரி. ஆள் திரும்பி வந்துவிட்டான். அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போன ஆளை அவனே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அந்தப் புள்ளிகளின் மேல் அவளுக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை, பயமும் இல்லை. சாகட்டும். எல்லாம் செத்து நல்லபடியாக ஆகட்டும், இந்த மனுஷன் மரக்கடைக்குப் போகட்டும், மேஸ்திரியைப் பார்த்துச் சிரிக்கட்டும். தையல் கம்பெனியில் பக்கத்து மிஷின்காரி கிரேஸ் தன் வீட்டு மாடி அறை சும்மாத்தான் கிடக்கிறது என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். மூன்றாவது தடவை சொன்னபோது செல்வியின் முகத்தைப் பார்க்காமல், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது. கை சட்டென்று விலகி அவன் மடிக்குப் போய், மற்றக் கையின் மேல் மடங்கி உட்கார்ந்துகொண்டது, சாமி கும்பிட வந்தவன் கை மாதிரி.

"ஐயம்பெருமாளு! உள்ள வாங்க." இருட்டறைக்குள் டாக்டரம்மா அவன் தாடையை ஒரு மேடையில் ஏற்றி வைத்து, நெற்றிப் பட்டையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அவன் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தாள். மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கைப் பாருங்க. பாப்பா விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. செல்வி கதவோரம் நின்று அந்தக் கறுப்பைப் பார்த்தாள். அதற்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க அவளுக்குக் கருவி தேவைப்படவில்லை. "கண்ணு ரெண்டும் சுத்தமா இருக்கு" என்றாள் டாக்டரம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் எழுதச் சொல்லிக்கொண்டே. "ஒரு பூச்சியும் இல்ல. மாத்திரை தாராளமா ஆரம்பிக்கலாம்." "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றான் ஐயம்பெருமாள், எழுந்து நின்று, எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டு. செல்வி அவனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து வாசலுக்கு உள்பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். வெளிச்சம் பட்டதும் அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

கம்பிக் கதவுக்கு வெளியே மாமியார் தூக்குவாளியோடு காவல்காரனிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "நெய்ச்சோறு ஆறிப்போவுதுய்யா, எம் புள்ளைக்கு மாத்திரைக்கு முந்தி குடுக்கணும்." "ஆச்சி, ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். உள்ள இருக்கவங்க வெளிய வந்து பாஸக் குடுத்தா நீங்க போங்க. வெளிய வந்தவங்க பிறகு சாயங்காலம்தான் உள்ள வர முடியும், பாத்துக்கிடுங்க." செல்வி கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "கண்ணுல ஒண்ணும் இல்லையாம் அத்தை. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்காங்க. சோத்தக் குடுத்துட்டு உடனே குடுத்துரணும். இழுப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு நர்ஸக் கூப்பிடுங்க." "முருகன் கைவிடல" என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏட்டி, இன்னும் நெய் ஊத்தியிருக்கலாமோ, வாசனையே வரல பாரு. நீ சாப்பிட்டியா? சாப்பிட்டிருக்க மாட்ட. அந்த முக்குக் கடையில எதையாச்சும் வாங்கித் தின்னுட்டு வா." செல்வி கழுத்தில் தொங்கிய மஞ்சள் அட்டையைக் கயிற்றோடு கழற்றி, மாமியாரின் தலைக்கு மேலாக மாட்டிவிட்டாள். கயிறு கொண்டையில் சிக்கியது. அதை விரலால் எடுத்துச் சரிசெய்து, அட்டையை எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு, படியில் இறங்கி, முக்குக் கடையைத் தாண்டி நடந்தாள்.